தண்ணிக்குக் கழித்த கிலோ

ஹட்டன்,
ஆடி மாதம், விடாத மழை

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் பிந்தியதற்கு மழையைத்தான் சாட்டுச் சொல்ல வேண்டும். சிங்கமலைப் பக்கமிருந்து இறங்குகிற பனி, மத்தியானமே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ என்னடா என்றால் அப்புத்தளையில் கச்சான் காற்று, தேயிலைக் கொழுந்து பாதி வாடியே தொழிற்சாலை ஸ்டோருக்கு வருகிறது, அவுட்டர்ன், அதாவது கொழுந்துக்குக் கிடைக்கும் தூளின் வீதம், ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரே மலைநாடு, ஒரே மாதம். உன் வெயிலில் கொஞ்சம் இங்கே வந்திருந்தால் போன வாரம் நடந்த கூத்து நடந்திருக்காது.

உயர்தரப் பிள்ளைகளுக்கு வீழ்படிவுப் பரிசோதனை வைத்தேன். கல்சியம் குளோரைட்டுக் கரைசலும் சோடியம் காபனேற்றுக் கரைசலும் தனித்தனியே பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி. ஒன்றில் மற்றதை ஊற்றியதும் பால் விட்டது போல் வெளுத்துவிடும். கல்சியம் அயனும் காபனேற்று அயனும் சேர்ந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக அடியில் இறங்கும். சோடியமும் குளோரைட்டும் பேசாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். இத்தனை வருடம் பார்த்தும் அந்த வெளுப்பு எனக்கு அலுக்கவில்லை.

கணக்கு சுலபமாக வரட்டும் என்று கல்சியம் குளோரைட்டை 2.94 கிராம் எடுக்கச் சொன்னேன். இரண்டு நீர் மூலக்கூறோடு அதன் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் (துணிக்கைகளை எண்ணும் அலகு) பாரம், 147 கிராம். ஆக 0.02 மூல். சோடியம் காபனேற்று 2.50 கிராம், அதாவது 0.0236 மூல், வேண்டுமென்றே கொஞ்சம் கூட. முதலில் தீர்வது கல்சியம் என்பதால் அதை வைத்துத்தான் கணக்கு. ஒன்றுக்கு ஒன்றாக அதே 0.02 மூல் கல்சியம் காபனேற்று வரும், அதன் மூலர்த் திணிவு 100. வரவேண்டியது 2.00 கிராம்.

வடித்து, கழுவி, வடிதாளோடு ஒரு இரவு மேசையில் வைத்தார்கள். மறுநாள் தாளின் பாரத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு குழுவுக்கு 2.26 கிராம். வரவேண்டியதில் நூற்றுக்கு 113! “சேர், எங்களுக்குத்தான் கூட” என்று ஒரே சந்தோஷம்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை மெல்ல எழும்பினாள். “சேர், மழை நாள்ல அம்மாவோட கொழுந்துல தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. இதுலயும் அப்படித் தண்ணி இருக்குமோ?”

முக்கால்வாசியும் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள், கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான் பக்கம் பக்கமாக எழுதிவைத்த குறிப்பை மூடிவிட்டேன்.

அப்புறம் 110 பாகையில் ஒரு மணிநேரம் காயவைத்தோம். ஆறவிடும்போது பனியைக் குடித்துவிடாமல், ஈரமுறிஞ்சி போட்ட மூடிப் பாத்திரத்துக்குள் வைத்து நிறுத்தோம்: 1.88. மறுபடி அரை மணிநேரம்: 1.83. இன்னொரு தடவையும் 1.83. பாரம் அசையாமல் நின்றால்தான் தண்ணீர் போய்விட்டது என்று நம்பலாம். விளைவு 91.5 சதவீதம்.

மிச்சம் எங்கே போனது என்று கேட்டேன். “கரைஞ்சு போயிருக்கும் சேர்” என்றான் ஒருவன். ஒரு லீற்றர் தண்ணீரில் கரைவது ஏறத்தாழ 13 மில்லிகிராம். நாங்கள் மொத்தமாகப் பாவித்தது 200 மில்லிலீற்றர்கூட இல்லை. போனது 170 மில்லிகிராம், அந்தச் சாட்டு எடுபடாது. முகவையின் (கண்ணாடிக் குவளை) சுவரில் ஒட்டியது, தாளுக்குள்ளால் நழுவிய நுண்துகள், இங்கத்தை ஈரத்தில் கட்டிபட்டுப்போன கல்சியம் குளோரைட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். என் பிழையும் ஒன்று உண்டு. வடிதாளைக் காயவைக்காமலே முதலில் நிறுத்துவிட்டேன். அடுப்பில் தாளின் ஈரமும் போனது, அந்த நட்டத்தையும் வீழ்படிவின் தலையில் எழுதிவிட்டோம்.

உன் அவுட்டர்னையும் சொன்னேன். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்றதும், “22 வீதம்தானா, பெயில்!” என்று சிரித்தார்கள். கொழுந்தில் முக்காலுக்கு மேல் தண்ணீர். நாம் இங்கே வகுப்பது வரக்கூடிய அளவால், ஸ்டோரில் வகுப்பது வந்த கொழுந்தால் என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

நம்முடைய கதையையும் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. உயர்தரத்தில் நமக்கும் 112 வந்ததே, அழித்துவிட்டு 98 என்று எழுதிச் சரி வாங்கினோமே! ரப்பர் உன்னுடையது, யோசனை என்னுடையது. இந்தப் பிள்ளைகளின் கொப்பியில் 113 அழிக்காமல் இருக்கிறது, அதன் கீழே 91.5.

ஒன்று மட்டும் பாக்கி. மணியடித்த பிறகு ஒரு பையன் வந்து கேட்டான்: “சேர், நாம மூணு தடவை காயவச்சு நிறுத்தோம். அவங்க எதை நிறுத்து அந்த ரெண்டு கிலோவைக் கழிக்கிறாங்க?” டீமேக்கர் ஒருவர் எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உன் ஸ்டோரில் எப்படியடா? ஈரக் கொழுந்தில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்துப் பார்க்கிறீர்களா, கண்மட்டத்தில் கழிக்கிறீர்களா? உள்ளதை எழுது, வகுப்பில் வாசிப்பேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய வாங்குத் தோழன்