மஞ்சள் கொடி இறங்கும் வரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கப்பலிலேயே தங்கிப் படிக்கும் மாணவர் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு பயணத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள் நான். படங்களைப் பார்த்ததும் இயந்திர அறையின் அதிர்வு உள்ளங்காலில் மறுபடியும் ஏறியது. ஒரு வரியில் மட்டும் மனம் இடறிவிட்டது. காலையில் கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் மாணவர்கள் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடைவது வேறு, இறங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் அரைநாள் போய்விடலாம். எங்களுக்குப் போனது.

அந்தத் துறைமுகத்தில் எங்களுக்குக் கிடைத்ததே ஒரு பகல்தான். எட்டு மணிக்குப் பேருந்து, பத்து மணிக்கு அருங்காட்சியகம் என்று அட்டவணை அறைக்கதவில் ஒட்டியிருந்தது. ஆறு மணிக்குக் கரை தெரிந்தது. எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் சரக்குக் கப்பல் ஒன்று இன்னும் கிளம்பாமல் நின்றதால் வெளியே நங்கூரம் போட்டோம். முன்பக்கத்தில் கறுப்புப் பந்து ஒன்று ஏறியது. நங்கூரமிட்டிருக்கும் கப்பல் பகலில் காட்ட வேண்டிய அடையாளம் அது. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஒன்பதரைக்கு ஏறினார். பத்தே முக்காலுக்குக் கயிறுகளைக் கட்டி முடித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. ஒலிபெருக்கியிலும் ஒரு வார்த்தை இல்லை. பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே தெரியாது. என் அறைத்தோழி அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணத்திற்கே விண்ணப்பித்தவள். சுற்றுலா ரத்து என்று பன்னிரண்டு மணிக்கு அறிவித்தபோது அழுதேவிட்டாள்.

கடைசியில் விளக்கம் சொன்னவர் தமிழ் பேசும் மாலுமி ஒருவர். தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணா, ஏன் இன்னும் இறங்க விடல?" என்று கேட்டேன். "மேல பாரும்மா. மஞ்சக் கொடி பறக்குதா? அது இறங்குற வரைக்கும் யாரும் கரையில கால் வைக்க முடியாது" என்றார்.

மஞ்சள் என்றால் நோய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சர்வதேசக் கொடிக் குறிகளில் இன்று அதற்குப் பொருள் நேர் எதிர்: 'என் கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தாருங்கள்.' துறைமுகச் சுகாதார அதிகாரி அந்த அனுமதியைத் தர வேண்டும். பிறகு குடியேற்றம், சுங்கம். பயணிகள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எங்களில் ஒருத்தியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அது சரியாகும் வரை அவளுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுதும் அசையவில்லை.

இந்தக் காத்திருப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1377இல் ரகூசா, அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம், நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் தள்ளி வைத்தது. பின்னாளில் அது 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' வந்தது. துறைமுகத் தாள் வேலைகளைக் குறைப்பதற்கென்றே 1965இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தத் தகவல்களையெல்லாம் மின்னணு முறையில் ஒரே வாயிலில் தரும் ஏற்பாடு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. இவற்றையெல்லாம் நான் வீடு திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டரை மணி நேரம் வகுப்பாகியிருக்கும். நாங்கள் படிக்க வந்தவர்கள்தானே!

ஒன்று இருபதுக்கு இறங்கினோம். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். பேருந்து இல்லை, வழிகாட்டி இல்லை, திட்டமும் இல்லை. நாங்கள் நான்கு பேர் கடலை ஒட்டியே நடந்தோம். அலைதாங்கிச் சுவரின் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதற்குப் போகும் வழி கேட்க மொழி தெரியாது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நோட்டில் கலங்கரை விளக்கத்தை வரைந்து காட்டினோம். அவர் கை நீட்டி வழி காட்டினார். எங்கிருந்து வருகிறோம் என்று சைகையில் கேட்டார். தோழி பக்கத்திலேயே எங்கள் கப்பலை வரைந்தாள்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அவள் வரைந்த கப்பலின் நடுவயிற்றில் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு கோட்டைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையைத் தண்ணீர் மட்டம்போல் பிடித்து, அதை மெதுவாக உயர்த்தினார். கோட்டுக்கு மேல் போனதும் தலையை அசைத்து, கப்பல் கவிழ்வதுபோல் கையைப் புரட்டினார். அவர் தன் நெஞ்சைத் தட்டிக் கடலைக் காட்டியபோதுதான் அவரும் கப்பலில் வேலை செய்தவர் என்று புரிந்தது. அரை மணி நேரம் அவரோடு இருந்தோம். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. ஆனாலும் வலையின் முடிச்சு ஒன்றை எனக்குப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் நான் இவ்வளவு சிரித்த நாள் வேறில்லை.

அந்த வட்டம் பிளிம்சால் குறி. சரக்கேற்றிய கப்பல் தண்ணீரில் எதுவரை மூழ்கலாம் என்பதைக் காட்டும் எல்லை. அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிட்ட கப்பல் முதலாளிகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் பெயர் அது. 1876 சட்டம் அந்தக் குறியைக் கட்டாயமாக்கியது. திரும்பியதும் எங்கள் கப்பலின் பக்கவாட்டில் அதைத் தேடிக் கண்டுபிடித்தோம். அத்தனை நாளும் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

திரும்பிய கதையையும் சொல்ல வேண்டும். கைபேசி ஆறு காட்டியதும் பதறி ஓடினோம். துறைமுக வாசலுக்குள் நடக்க அனுமதியில்லை. உள்ளே கொண்டுபோகும் பேருந்துக்காக நின்ற ஒவ்வொரு நிமிடமும் வயிற்றைக் கலக்கியது. ஏணியடியில் அட்டையைச் சரிபார்த்தவர், "கப்பல் நேரம் இப்போது ஐந்தேகால்தான்" என்றார். ஒரே நாள் தங்கல் என்பதால் கப்பல் கடிகாரத்தை மாற்றவில்லை. கைபேசி தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிட்டது. கரை நேரம் ஒரு மணி பின்தங்கியிருந்தால் கப்பலையே தவறவிட்டிருப்போம். இறங்கும் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டிய செய்தி இது.

கிடைத்த அந்த நேரத்தை மேல்தளத்தில் செலவிட்டோம். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி பறந்தது. கப்பல் புறப்படப் போகிறது, எல்லோரும் வந்து சேருங்கள் என்று பொருள். எலி ஏறாதபடி கயிறுகளில் மாட்டியிருந்த வட்டத் தகடுகளைக் கழற்றுவதைப் பார்த்தோம். இழுவைப் படகு வந்து சேர்ந்தது.

இத்தகைய பயணம் புதிதல்ல. 1926இலேயே ரிண்டாம் என்ற கப்பலில் ஏறக்குறைய 500 மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் துறைமுக நாளைத் திட்டமிடுபவர்கள் கரை தொடும் நேரத்தையே இறங்கும் நேரமாகக் கணக்கிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நடத்துபவர்கள் யாராக இருந்தாலும் என் வேண்டுகோள் இதுதான்: ஒருநாள் தங்கலில் காலை வேளைக்குக் கட்டணச் சுற்றுலா வைக்காதீர்கள். தாமதமானால் அரை மணிக்கு ஒருமுறை பேசுங்கள். சொல்லச் செய்தி இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். கப்பல் அதிகாரி ஒருவரை அழைத்து அந்தக் கொடிகளை விளக்கச் சொல்லுங்கள். தாங்களும் அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, கயிறு கட்டியதற்கும் முதல் மாணவர் இறங்கியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கப்பலில் படித்துத் திரும்பிய ஒரு மாணவி