டின்னைத் தனியாக உருக்குங்கள், அண்ணாச்சி

மதுரை வார்ப்படப் பட்டறை முதலாளிகளுக்கும், அவர்களுக்கு அலுமினியம் சேர்த்துக் கொடுக்கும் பழைய இரும்புக் கடை அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

நான் மதுரையில் கடை வைத்துப் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். கடல் இல்லாத ஊரில் இது என்ன தொழில் என்று கேட்காத ஆள் இல்லை. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கரையோரத்திலிருந்து வண்டியேறி வரும், படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கம்பெனி உதிரிபாகம் வாங்கக் கட்டுப்படியாகாதபோது பிராக்கெட், தெர்மோஸ்டாட் மூடி, ப்ரொப்பெல்லர் எல்லாம் உங்களிடம்தான் வார்த்து வாங்குகிறோம். அந்த வார்ப்புகளையும், அவற்றுக்கு நீங்கள் உருக்குகிற அலுமினிய பீர் டின், கூல்டிரிங்ஸ் டின்களையும் பற்றித்தான் இந்த மடல்.

சண்டைக்கு வரவில்லை. உங்கள் ஆட்கள் மணல் அச்சு கட்டும் சுத்தத்துக்கு நான் சாட்சி. குறை எல்லாம் குகைக்குள், அதாவது உருக்குகிற பாத்திரத்துக்குள், போகிற சரக்கில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். போன தடைக்காலத்தின் நடுவே ஒரு தம்பி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். படகோடு மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் நம்மூர் பட்டறை ஒன்றில் வார்த்தது, மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் கீறினேன், உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. துடைத்துப் பார்த்தால் பென்சில் முனை இறங்கும் அளவுக்குக் குழி. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டைச் சுற்றி இன்னும் மோசம். ஸ்பானரைப் போட்டுத் திருப்பியதும் பிராக்கெட்டின் காது போல்ட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதே மோட்டாரில் அதைவிடப் பல வருஷம் பழைய கம்பெனி வார்ப்பும் இருந்தது. அதில் உப்புக்கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

“பழைய அலுமினியத்தை உருக்கி ஊத்துனா இப்படித்தாண்ணே இருக்கும்” என்றார் தம்பி. உங்களில் சிலரும் அப்படித்தான் சொல்கிறீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாண்ட் டு லாக் என்ற ஊரில் மெர்க்குரி மரைன் கம்பெனி இருக்கிறது. உலகம் முழுக்க அவுட்போர்டு விற்பவர்கள். அவர்களுடைய வார்ப்புகளுக்குப் போகும் அலுமினியத்தில் பெரும்பங்கு மறுசுழற்சிச் சரக்குதான். அந்த மோட்டார்கள் உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஓடவில்லையா? அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது கலவையில் இருக்கும் செம்பைத்தான்.

செம்பு சேர்ந்தால் வார்ப்பு கடினமாக வரும், லேத்தில் பளபளவென்று சீவும். அதனால்தான் பைக் இன்ஜின் மூடிகளுக்கு ஏடிசி12 போன்ற கலவையைப் போடுகிறார்கள். அதில் செம்பு 1.5 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது சரி. கடல் தண்ணீரில் அந்தச் செம்புத் துணுக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்க வைக்கும், பேட்டரிக்குள் நடக்கிற வேலை மாதிரி. அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளட்டும் என்று மோட்டாரின் அடியில் நாம் மாட்டும் துத்தநாகக் கட்டி இந்த அரிப்புக்குப் பெரிதாக உதவாது, ஏனென்றால் வில்லங்கம் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. (அந்தக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. அவர்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும்.) கடலுக்கென்றே பேர்போன எல்எம்6 கலவையில் செம்பு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெப்பக்குளத்துப் படகுக்கு இதையெல்லாம் யாரும் பார்க்க வேண்டியதில்லை. பாக் நீரிணைக்குப் போகிற சாமானுக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கேதான் பீர் டின், கூல்டிரிங்ஸ் டின் பக்கம் வருகிறேன். டின்னின் உடம்புத் தகட்டில் மாங்கனீசு ஒரு சதவீதம், மெக்னீசியம் ஒரு சதவீதம், அவ்வளவுதான். செம்பு கால் சதவீதத்தைத் தாண்டாது. நீங்கள் வாங்கிப் போடும் சரக்கில் கடல் வேலைக்கு இவ்வளவு தோதான அடிச்சரக்கு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதைப் போய் பைக் மூடி, பழைய பிஸ்டன், செம்புக் கம்பி தொங்கும் ரேடியேட்டர் துண்டு, இரும்பு ஸ்க்ரூ பிடுங்காத ஹேண்டில் எல்லாவற்றோடும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். செம்பு ஒருமுறை கரைந்துவிட்டால் பட்டறையில் அதைப் பிரித்தெடுக்க வழியே கிடையாது. இரும்பும் அப்படித்தான், ஊசி ஊசியாக உறைந்து வார்ப்பை முறுகலாக்கிவிடும்.

டின்னை அப்படியே உருக்கி ஊற்றினால் மோட்டார் பாகம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதில் சிலிக்கான் மிகக் குறைவு. மெல்லிய அச்சுக்குள் ஓடாது, ஆறும்போது விரிசல் விடும். சிலிக்கான் கட்டி சேர்த்துப் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். டின்னின் மூடிப் பகுதியில் மெக்னீசியம் நாலு சதவீதத்துக்கு மேலே, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இதெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

இரண்டு விஷயத்தை மட்டும் உங்களுக்காக இல்லாவிட்டாலும் உலை முன்னால் நிற்கிற பையன்களுக்காகச் சொல்கிறேன். டின்னின் சுவர் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான். உதிரியாக நெருப்பில் கொட்டினால் பாதி கசடாகப் போய்விடும். வார்னிஷ் எரிந்து வருகிற புகை நெஞ்சைப் பிடிக்கும். முதலில் மிதமான சூட்டில் வார்னிஷைப் போக்கி, அழுத்திக் கட்டி, உருகிய குழம்புக்கு உள்ளே அமுக்கிப் போடுங்கள். அடுத்தது ஈரம். நசுங்கிய டின்னுக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தால் வெளியே தெரியாது. அது 700 டிகிரிக் குழம்புக்கு அடியில் போனால் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். குகையில் இருப்பது மொத்தமும் மேலே தெறிக்கும். மழைக்காலத்தில் வெளியே கிடந்த மூட்டையைக் காய வைக்காமல் தொடவே தொடாதீர்கள். கசடைக் கண்மாயில் கொட்டுவதையும் நிறுத்துங்கள். தண்ணீர் பட்டால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும்.

கொல்லிமலை, சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்த மேட்டூர் ஆலை 2008-ல் உருக்குவதை நிறுத்திவிட்டது. புதிதாக ஒரு கிலோ எடுக்க 14 யூனிட் மின்சாரம் ஆகும். பழையதை உருக்க அதில் இருபதில் ஒரு பங்கு போதும். காயலான் கடைதான் நமக்கு இனி சுரங்கம். அதில் இப்படிக் கலப்படம் செய்துவைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்பது இதுதான். அண்ணாச்சிமாரே, டின்னுக்கு ஒரு மூட்டை, பாத்திரத்துக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஒரு மூட்டை, இன்ஜின் சாமானுக்கு ஒரு மூட்டை என்று தனித்தனியாகக் கட்டுங்கள். ஒரு கிலோவுக்கு எழுபது டின்னாவது பொறுக்க வேண்டும், அந்த மெனக்கேடு தெரியும். தனி மூட்டைக்குத் தனி விலை கேளுங்கள், நியாயம்தான். பட்டறை முதலாளிகளே, படகுச் சாமான் ஊற்றும் நாளில் ஒவ்வொரு உருக்கிலிருந்தும் காசு அளவு ஒரு வில்லை எடுத்து ஸ்பெக்ட்ரோ (கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் மெஷின் சோதனை) பாருங்கள். செம்பு எவ்வளவு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். ஒரு ஆள் தனியாக மெஷின் வாங்க முடியாதுதான், கப்பலூரிலும் கே.புதூரிலும் இருக்கிற பட்டறைகள் சேர்ந்தால் பொதுவில் ஒன்று வைக்க முடியாதா? செம்பு அரை சதவீதத்தைத் தாண்டினால் அந்த உருக்கைப் பைக் சாமானுக்குத் திருப்பிவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் வராது.

எழுதிக் கொடுக்கிற பட்டறைக்கு, இப்போது தருவதைவிடக் கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறேன். கரையோர மெக்கானிக்குகளிடமும் பேசிவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் முதல் உருக்கு ஊற்றினால் நல்லது. யார் முன்வருகிறீர்களோ அவர்களுக்கு பிராக்கெட் மாதிரியை நானே கொண்டுவந்து தருகிறேன். அரிப்பெடுத்த அந்தப் பழைய பிராக்கெட்டும் கடையில்தான் இருக்கிறது, அறுத்து ஸ்பெக்ட்ரோ பார்ப்பதானால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மதுரையில் இருக்கும் ஒரு படகு மோட்டார் மெக்கானிக்