மெஷினை அப்புறம் வாங்கலாம், முதல்ல ரூமைப் பாருங்க: எங்க அபார்ட்மெண்ட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பிரசிடென்ட் சார், செக்ரட்டரி மேடம், ட்ரெஷரர் சார், கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி குரூப்ல நீங்க போட்ட புது ஜிம் பிளான் பாத்தேன். 18 லட்சம். கீழ "ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன"ன்னு ஒரு வரி. எங்கிட்ட ஆலோசனைன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதை குரூப்ல போட்டா குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கும் ப்ளம்பர் நம்பருக்கும் நடுவுல காணாம போயிடும், அதான் மடலாவே எழுதறேன். மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி ரூமை சரி பண்ணுங்க. அவ்ளோதான்.

எங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா நீங்க அதை "ஒரு சிறு அசம்பாவிதம்"னு போட்டு முடிச்சிட்டதால நான் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன். அப்பாவுக்கு 68 வயசு, ஸ்டென்ட் வெச்சவர், டாக்டர் டெய்லி அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கார். வெளிய நடக்கலாம்னா நம்ம ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்ல நடக்கற அளவுக்கு பிளாட்ஃபாரம் எங்க இருக்கு, உள்ள நடக்கலாம்னா காலைல ஸ்கூல் வேனும் டெலிவரி பைக்கும், ஐப்பசி கார்த்திகைன்னா மழை, சித்திரைன்னா ஏழு மணிக்கே வெயில், அதனால மனுஷன் கீழ ஜிம்முக்குதான் போவார். அன்னிக்கு ட்ரெட்மில்ல மெதுவா நடந்துக்கிட்டு இருந்தவர், போன் அடிக்குதேன்னு பாக்கெட்ல கை விட்டிருக்கார், கால் பின்னிடுச்சு. போனை எடுத்தது அவர் தப்புதான்னு நீங்க சொன்னீங்க, ஒத்துக்கறேன். ஆனா அவர் தரையில விழல சார். மெஷினுக்கும் பின்னாடி சுவத்துக்கும் நடுவுல ஒரு அடி கூட இல்ல. முதுகு சுவத்துல முட்டிக்கிச்சு, கால் ரெண்டும் ஓடற பெல்ட் மேல, எந்திரிக்கவும் முடியல நகரவும் முடியல, பெல்ட் பாட்டுக்கு முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் தேச்சுக்கிட்டே இருந்திருக்கு.

மெஷின் ஏன் நிக்கலைன்னு கேக்கணும்ல? சட்டையில கிளிப் போட்டு மாட்டிக்கற சிகப்பு சேஃப்டி சாவி ஒண்ணு வரும், ஆள் விழுந்தா அது பிடுங்கிக்கிட்டு வந்துடும், மெஷின் நின்னுடும். நம்ம மெஷின்ல அது தொலைஞ்சு எத்தனை மாசம்னு யாருக்கும் தெரியல. அந்த சாவிக்குள்ள இருக்கறது வெறும் காந்தம்தான்னு கண்டுபிடிச்ச யாரோ ஒரு புத்திசாலி, ஃபிரிட்ஜ்ல ஒட்டற திருப்பதி பெருமாள் மேக்னட்டை அந்த இடத்துல ஒட்டி வெச்சுட்டார். பெருமாள் இருக்கற வரைக்கும் பெல்ட் ஓடும். சத்தம் கேட்டு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினது வெளிய கூட்டிக்கிட்டு இருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, அவங்களுக்கு ஒரு நன்றி கூட கமிட்டி சார்பா இன்னும் சொல்லல.

காயம் ஆற அஞ்சு வாரம் ஆச்சு. இப்ப அப்பா ஹால்லயே நடக்கறார், சோஃபாவுக்கும் பூஜை ரூமுக்கும் நடுவுல, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து இன்னொரு கிண்ணத்துல போட்டுக்கிட்டு. மாசா மாசம் மெயின்டெனன்ஸ் கட்டற வீட்டுல புளியங்கொட்டை ஜிம்.

நீங்க உடனே நடவடிக்கை எடுத்தீங்க, அதை மறுக்கல. மூணே நாள்ல லேமினேட் பண்ணின போர்டு வந்துச்சு, "சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்". போர்டு வைக்கறதுல நம்மளை அடிச்சுக்க ஆளே கிடையாது.

சரி, இப்ப புது பிளானுக்கு வர்றேன். நாலு ட்ரெட்மில் போட்டிருக்கீங்க, நாலும் அதே சுவத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. பாத்ததும் எனக்கு கை நடுங்கிடுச்சு, நிஜமா சொல்றேன். ட்ரெட்மில்லுக்குன்னே சர்வதேச பாதுகாப்பு ஸ்டாண்டர்டு இருக்கு, ஐஎஸ்ஓ 20957ல ஆறாவது பாகம், பின்னாடி 2 மீட்டர் காலியா விடணும்னு சொல்லுது, அதாவது ஆறரை அடி. பக்கவாட்டுல அரை மீட்டர் விடச் சொல்லி மெஷினோட வர்ற மேனுவல்லயே பெரும்பாலும் படம் போட்டு காட்டியிருப்பான், நாமதான் அட்டைப்பெட்டியோட சேத்து அதையும் பழைய பேப்பர்காரருக்கு போட்டுடறோம்.

சனிக்கிழமை நானே டேப் எடுத்துக்கிட்டு போய் அளந்தேன். ரூம் 22க்கு 16 அடி. ஒரு ட்ரெட்மில் சுமார் 7 அடி நீளம், 3 அடி அகலம். நாலு மெஷின் 12 அடி, நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒன்றரை ஒன்றரை அடி இடைவெளி விட்டா இன்னொரு ஏழரை அடி, ஆக 22 அடியில பத்தொன்பதரை அடி போச்சு. நீளவாக்குல மெஷின் 7 அடி, பின்னாடி ஆறரை அடின்னா 16ல பதிமூணரை போச்சு. அதாவது நாலு ட்ரெட்மில்லை ஒழுங்கா வெச்சா அந்த ரூம் அதோட முடிஞ்சது. உங்க பிளான்ல அதுக்கு மேல ரெண்டு எலிப்டிக்கல், ரெண்டு சைக்கிள், மல்டி ஜிம், ஸ்மித் மெஷின், டம்பெல் ராக் எல்லாம் இருக்கு. இது ஜிம்மா, டிசம்பர் மாச கிளாம்பாக்கம் பஸ்ஸான்னு தெரியல.

மூணாவது ட்ரெட்மில் சரியா அந்த பீமுக்கு அடியில வருது, அதையும் யாரும் பாக்கல போல. பீமுக்கு கீழ உயரம் 7 அடிதான். மெஷினோட தளமே தரையிலேர்ந்து முக்கால் அடி கிட்ட தூக்கி இருக்கும், அது மேல பி பிளாக்ல இருக்கற அந்த ஆறடி தம்பி ஏறி ஓடினா ஒவ்வொரு எட்டுக்கும் பீமுக்கு ஒரு முட்டு குடுக்க வேண்டியதுதான். கண்ணாடியும் தரையோட ஒட்டி ஆரம்பிக்குது. உருண்டு வர்ற டம்பெல் முதல்ல கண்ணாடியைத்தான் போய் தட்டும், அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க கீழ ஒன்றரை அடி சுவத்தை விட்டுட்டு கண்ணாடி ஒட்டறாங்க.

இதுக்கெல்லாம் மேல, ரூமே பேஸ்மென்ட்ல இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அந்த ரூம்ல முட்டி அளவு தண்ணி நின்னதை நாம எல்லாரும் மேலேர்ந்து எட்டிப் பாத்தோம். பில்டர் குடுத்த மெஷின் எல்லாம் அப்படியே முழுகி மோட்டார் போச்சு. அடுத்த வருஷம் 9 லட்சத்துக்கு புதுசு வாங்கி அதே ரூம்ல, அதே இடத்துல வெச்சோம். ஈரத்துலயும் உப்புக் காத்துலயும் அதுல பாதி துரு பிடிச்சு நிக்குது. இப்ப மூணாவது செட். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறோம்னு தெரிஞ்சே குடத்தை மட்டும் பெருசா மாத்திக்கிட்டு இருக்கோம். அதனால திரும்பவும் சொல்றேன், மெஷினுக்கு முன்னாடி ரூம்.

காத்து விஷயத்தையும் சொல்லிடறேன். ஸ்ப்ளிட் ஏசி இருக்கேன்னு சொல்வீங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, நாம விட்ட மூச்சையே குளுமையாக்கி திருப்பி நமக்கே குடுக்கும். ஜிம்முக்கு ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 20 கன அடி வெளிக்காத்து வேணும்னு ஏசி இன்ஜினியர்கள் கணக்கு வெச்சிருக்காங்க, நம்ம ரூம்ல இருக்கற ஒரே வென்டிலேட்டர் கார் ஏறி இறங்கற ரேம்ப் பக்கம் திறக்குது, திறந்தா கார் புகை, மூடினா வேர்வை நாத்தம், கரண்ட் போனா பக்கத்து ரூம் ஜெனரேட்டர். உங்க பிளான்ல மூட் லைட்டிங்குக்கு 85 ஆயிரம் இருக்கு, ஒரு ஃப்ரெஷ் ஏர் ஃபேனுக்கு ஒரு ரூபா இல்ல.

பொண்ணுங்க ஏன் வர்றதில்லன்னு வருஷாந்திர பொதுக்குழுவுல பிரசிடென்ட் சார் கேட்டீங்க. பார்க்கிங் பக்கம் முழுசா கண்ணாடிச் சுவர் சார். டிரைவர், டெலிவரி தம்பி, கார் துடைக்கறவர்னு போற வர்றவங்க எல்லாரும் பாக்கற இடத்துல நான் ஸ்குவாட் பண்ணணுமா? அவங்க மேல தப்பு இல்ல, அவங்க நடக்கற வழி அது. இடுப்பு உயரத்துக்கு மேல ஆள் உயரம் வரைக்கும் ஒரு ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு, "லுக் போயிடும்"னு பதில் வந்துச்சு.

இந்த லுக்தான் நம்ம ஊர் அபார்ட்மெண்ட்டுக்கே பிடிச்ச சனி. பிரவுச்சர்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஸ்விம்மிங் பூலைப் பாத்துக்கிட்டே ஓடும், சாவி வாங்கின அப்புறம்தான் தெரியும் நாம ஓடப் போறது சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற எஸ்டிபி பக்கத்துலன்னு. ஐம்பது அமெனிட்டிஸ்னு கணக்கு காட்ட கூழாங்கல் பதிச்ச பாதை ஒண்ணு, அதுக்கு ரிஃப்ளெக்ஸாலஜின்னு பேரு, நாலு சிமெண்ட் பெஞ்சு, அதுக்கு சீனியர் சிட்டிசன் கார்னர்னு பேரு. ஆனா குழாயைத் திறந்தா வர்றது லாரித் தண்ணி. வீடு வாங்கறவங்களுக்கான ரெரா சட்டத்தோட 14ஆவது பிரிவுல, சாவி குடுத்த நாள்லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள வேலையில குறை இருக்குன்னு சொன்னா பில்டர் தன் செலவுல 30 நாள்ல சரி பண்ணிக் குடுக்கணும்னு இருக்கு. பேஸ்மென்ட் சுவத்துல தண்ணி கசியறது முதல் மழையிலயே தெரியும். நமக்கு சாவி வந்தது 2019 டிசம்பர்ல. அந்த அஞ்சு வருஷமும் நாம பில்டருக்கு "கனிவுடன் கேட்டுக்கொள்கிறோம்"னு மெயில் போட்டுக்கிட்டு இருந்தோம், முறையா ஒரு புகார் குடுக்கல. நாள் முடிஞ்சு போச்சு.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க சம்பளம் வாங்காம செய்யற வேலை இதுன்னு எனக்கும் தெரியும். கேக்க வந்தது இதுதான். கிளப் ஹவுஸ் தரைத்தளத்துல பிசினஸ் லவுஞ்சுன்னு ஒரு ரூம் பூட்டியே கிடக்கு, போன வருஷ பிள்ளையார் சதுர்த்தி பந்தல் சாமானும் உடைஞ்ச நாற்காலியும்தான் அங்க பிசினஸ் பாக்குது. ரெண்டு பக்கம் ஜன்னல், மேல தலை இடிக்கற பீம் இல்ல, மாடியில யாரோட பெட்ரூமும் இல்ல, வெள்ளமும் அங்க ஏறல. ஜிம்மை அங்க மாத்தலாமான்னு தயவுசெஞ்சு பொதுக்குழுவுல ஓட்டுக்கு விடுங்க. மாத்தினா முதல்ல தரைக்கு நல்ல தடிமனான ரப்பர், ஃப்ரெஷ் ஏர் ஃபேன், ஒவ்வொரு ட்ரெட்மில்லுக்கும் தனி கரண்ட் லைன், லோடு ஏறினா தானா கட் ஆகற எம்சிபி சுவிட்சும் தனி. மெஷின் ரெண்டு ட்ரெட்மில் போதும். மிச்ச இடத்தைக் காலியா விடுங்க, நிஜமா காலியா. 65 வயசு தாண்டினவங்க வாரத்துல மூணு நாளாவது பேலன்ஸும் தசை பலமும் வர்ற மாதிரி பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு, அதுக்கு ஸ்மித் மெஷின் தேவையில்ல, சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி, நாலு கெட்டியான நாற்காலி, நிக்க இடம் இருந்தா போதும். நம்ம 212 வீட்டுல எத்தனை தாத்தா பாட்டி இருக்காங்கன்னு லிஃப்ட்ல ஒரு நாள் நின்னு பாத்தாலே தெரியும்.

அட்வான்ஸ் குடுக்கறதை மட்டும் அது வரைக்கும் நிறுத்தி வைங்க, ப்ளீஸ். வர்ற சனிக்கிழமை காலைல 7 மணிக்கு பேஸ்மென்ட் ரூம்ல இருப்பேன், உங்க பிளான்ல இருக்கற எல்லா மெஷினையும் நிஜ அளவுல சாக்பீஸால தரையில வரைஞ்சு வைக்கறேன். கமிட்டில எல்லாரும் வந்து அந்தக் கோடுகளுக்கு நடுவுல ஒரு தடவை நடந்து பாத்தா போதும், பத்து நிமிஷம்தான் ஆகும். காபி எங்க வீட்டுலேர்ந்து.

இப்படிக்கு,
சி பிளாக் நாலாவது மாடி

பி.கு: அந்தத் திருப்பதி மேக்னட் எங்க ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. யாரோடதோ அவங்க வந்து வாங்கிக்கலாம்.