எட்செல் ஃபோர்டுக்கு: உங்கள் கான்டினென்டல் என்ன ஆனது?

மதிப்பிற்குரிய எட்செல் ஃபோர்டு அவர்களுக்கு,

வணக்கம். ஹென்றி ஃபோர்டின் மகனாக ஃபோர்டு நிறுவனத்தை நடத்திய உங்களிடம், 1943 மே 26-க்குப் பிறகு நடந்தவற்றை யாரும் வந்து சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டீர்கள். போருக்காகக் கார் உற்பத்தியே நின்றிருந்த காலம் அது. உங்கள் சொந்த உபயோகத்துக்கென்று வரையச் சொன்ன அந்தக் கான்டினென்டல் கார், நீங்கள் போன பிறகும் எத்தனையோ முறை செத்துப் பிழைத்தது. 2020 அக்டோபரில் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் கார்த் தொழிலை நம்பி வாழும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் ஒருவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த பகுதியையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். 1939 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஹோப் சவுண்டில் விடுமுறையைக் கழிக்க உங்களுக்கு ஒரு கார் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பார்த்த கார்களைப் போலத் தாழ்வாக, நீண்ட பானட்டோடு இருக்க வேண்டும் என்றீர்கள். படகு வடிவமைப்பிலிருந்து கார்களுக்கு வந்த பாப் கிரிகோரி, ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கனின் ஸெஃபைர் காருடைய வரைபடத்தை விரித்து அதன் மேலேயே கோடு போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உருவத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பார்கள். ஸெஃபைரின் உடலை வெட்டித் தாழ்த்தி, ஒட்டுப்போட்ட இடங்களை ஈயத்தால் நிரப்பினார்கள். எங்கள் ஊர் டிங்கர் பட்டறைகளில் பட்டி பூசுவார்களே, அதே வேலைதான், ஈயத்தில். ஸ்டெப்னியை வெளியே, டிக்கிக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தீர்கள். அது மெய்யான டயர். பஞ்சரானால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம், டிக்கியிலும் அதன் இடம் மிச்சம். இந்த ஸ்டெப்னியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் முழுக்க வரப்போகிறது.

ஃபுளோரிடாவில் காரைப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று கேட்க, 1940-ம் ஆண்டு மாடலாக அது விற்பனைக்கு வந்தது. போர் இடைவெளியைத் தாண்டி 1948 வரை மொத்தமே ஐயாயிரத்து முந்நூறு சொச்சம் கார்கள்தான். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் ஒன்றை வாங்கித் தனக்குப் பிடித்த செந்நிறத்தில் பூசிக்கொண்டார். 1951-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டே எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றில் உங்கள் 1941 கான்டினென்டலும் ஒன்று. நீங்கள் பார்த்திருக்க வேண்டிய நாள் அது.

புகழ்ச்சியோடு ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்த 12 சிலிண்டர் இன்ஜின் உங்கள் காருக்குப் பொருத்தமானதல்ல. சூடேறியது, எண்ணெய் கசடு கட்டியது. பிற்காலத்தில் பலர் அதைக் கழற்றிவிட்டு வி8 பொருத்தி ஓட்டினார்கள். அழகுக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது பானட்டுக்கு அடியிலும் காட்டியிருக்கலாம். ஆனால் உங்கள் தந்தையின் தொழிற்சாலையில் ஒரு புதிய விஷயத்தை நுழைப்பது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். ஹைட்ராலிக் பிரேக்கையே 1939 வரை ஃபோர்டு கார்களுக்குள் விடாதவர் அவர். டெட்ராய்ட் கலைக்கூடத்தில் டியேகோ ரிவேரா தீட்டிய சுவரோவியங்களுக்கு நீங்கள் பணம் கொடுத்ததோடு, அவற்றை அழிக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தபோது ஓவியர் பக்கமும் நின்றீர்கள். கன்வேயரில் நிற்கும் தொழிலாளியை அப்படி வரைய விட்ட மனிதர்தான் கான்டினென்டலையும் வரையச் சொன்னார் என்பதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்ததை ஓரளவு பெருமையோடு கேட்கலாம். உங்கள் கடைசி மகன் வில்லியம் கிளே ஃபோர்டு, அந்தக் காருக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 'கான்டினென்டல் மார்க் 2' வெளிவந்தது. விலை ஏறக்குறைய பத்தாயிரம் டாலர். சாதாரண ஃபோர்டு இரண்டாயிரம் டாலர் அளவில் கிடைத்த நாளில் அது பெருந்தொகை. எல்விஸ் பிரெஸ்லி வாங்கினார், ஃபிராங்க் சினாட்ரா வாங்கினார். எதிராளிகள் வால் பக்கம் துடுப்புகளை வளர்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் எந்தத் துருத்தலும் இல்லாத ஒரு காரைச் செய்தார். டிக்கி மூடியில் மட்டும் ஸ்டெப்னி வடிவத்தில் ஒரு மேடு. அதன் அடியில் மெய்யாகவே டயர் இருந்தது, பெட்டி வைக்கத்தான் இடம் இல்லை. ஒவ்வொரு காருக்கும் கம்பெனிக்கு ஆயிரம் டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொல்வார்கள். 1956 ஜனவரியில் ஃபோர்டு பங்குச் சந்தைக்குப் போனது. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்தில் இந்த விளையாட்டு நீடிக்காது. சுமார் மூவாயிரம் கார்களோடு கதை முடிந்தது.

1958 முதல் 1960 வரை வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஐந்தே முக்கால் மீட்டருக்கு மேல் நீளம், சாய்த்து வைத்த ஹெட்லைட்டுகள், உட்புறமாகச் சரிந்த பின்கண்ணாடி. மிச்சிகனில் விக்ஸம் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலை கட்டி அவற்றைச் செய்தார்கள். கோடிக்கணக்கில் இழந்தார்கள். லிங்கனையே மூடிவிடலாமா என்று யோசித்தவர் ஃபோர்டு நிர்வாகி ராபர்ட் மெக்னமாரா, கணக்கிலேயே வாழ்ந்த மனிதர்.

காரைக் காப்பாற்றியவரும் அவரேதான் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஃபோர்டின் அடுத்த தண்டர்பேர்டு காருக்காக எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர் ஒரு களிமண் மாதிரியைச் செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்த மெக்னமாரா, இதையே நீட்டி நான்கு கதவுள்ள லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். அதுதான் 1961 கான்டினென்டல். முந்தைய ஆண்டுக் காரைவிட ஒன்றேகால் அடி குட்டை! அமெரிக்காவில் சொகுசுக் கார் என்றாலே ஆண்டுக்கு ஆண்டு வளர வேண்டும் என்றிருந்த நேரத்தில் சுருக்கிக் காட்டினார்கள். வாலில் துடுப்பு கிடையாது. டிக்கியில் ஸ்டெப்னி மேடும் கிடையாது. பக்கவாட்டில் வெறும் தகடு, அதன் மேல் விளிம்பில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஒரே ஒரு குரோமியக் கோடு. தொழில்துறை வடிவமைப்பாளர் கழகம் பதக்கம் கொடுத்தது.

பின்கதவுகளின் கீல் பின்பக்கம் இருந்தது. அதாவது முன்கதவும் பின்கதவும் எதிரெதிராகத் திறக்கும். இதை இன்று ஏதோ அரச மரியாதைபோல வர்ணிக்கிறார்கள். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், சிறிதாகிவிட்டதால், மாதிரிக் காரின் பின்சீட்டிலிருந்து இறங்கிய பொறியாளர்களின் கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது, அதனால் கீலை மாற்றினார்கள் என்பதுதான் தொழிற்சாலைப் பக்கம் சொல்லப்படும் கதை. எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். கூரை மடங்கும் மாடலில் பின்கதவைத் திறக்கும்போது அதன் கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கிக்கொடுக்கும், இல்லாவிட்டால் ரப்பர் பட்டையில் மாட்டிக்கொள்ளும். மடங்கும் கூரை போய் ஒளிந்துகொள்ள டிக்கி மூடி பின்னோக்கித் திறக்கும். எல்லாம் மோட்டார்கள், ரிலேக்கள். பழுது பார்ப்பவர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த முறை பானட்டுக்கு அடியிலும் அக்கறை காட்டினார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு 7 லிட்டர் இன்ஜினையும் மூன்று மணி நேரம் உச்ச வேகத்துக்கு அருகில் ஓட்டி, பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டினார்கள். முடிந்த காரைப் பன்னிரண்டு மைல் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு அல்லது 24,000 மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்த நாளில் யாரும் அவ்வளவு துணிந்ததில்லை. முதல் ஆண்டில் இருபத்தைந்தாயிரம் கார்கள் போயின. 1969 வரை அதே உருவத்தைச் சிறு சிறு மாற்றங்களோடு வைத்திருந்தார்கள்.

மெக்னமாரா 1961 ஜனவரியில் அதிபர் கென்னடியின் பாதுகாப்பு அமைச்சராகப் போய்விட்டார். வியட்நாமில் அவர் போட்ட கணக்குகள் வேறு கதை. கென்னடிக்கும் ஒரு கான்டினென்டல் போனது. சின்சினாட்டியின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனம் அதை மூன்றரை அடி நீட்டிக் கொடுத்தது. ஃபோர்டு நிறுவனம் ஆண்டுக்கு 500 டாலர் வாடகைக்கு அதை அரசுக்கு விட்டிருந்தது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்தது அந்தக் காரில்தான். அதை உடைத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. கவசத் தகடுகளும் நிரந்தரக் கூரையும் பொருத்தி 1977 வரை அடுத்தடுத்த அதிபர்களுக்கு ஓட்டினார்கள். இப்போது டியர்பார்னில் உங்கள் தந்தையின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் குனிந்து பின்சீட்டைத்தான் பார்க்கிறார்கள். காரின் வடிவத்தை யாரும் பார்ப்பதில்லை.

பிறகு ஃபோர்டு நிர்வாகி லீ அயகோக்கா வந்தார். தண்டர்பேர்டின் முகத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கிரில்லை வையுங்கள் என்று அவர் சொன்னதில் பிறந்தது 1968-ல் அறிமுகமான மார்க் 3. ஏற்கெனவே 1958-ல் ஒரு மார்க் 3 வந்திருந்ததே என்கிறீர்களா? அதை நடக்காததாகவே எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை மறுபடி தொடங்கினார்கள். டிக்கி மூடியில் மீண்டும் ஸ்டெப்னி மேடு, இந்த முறை வெறும் வேடம். ஆனால் காசு கொட்டியது. அடுத்த மார்க் 4-இல் பின்தூணில் முட்டை வடிவச் சன்னல் வைத்தார்கள், 1976-ல் கார்ட்டியே, ஜிவான்ஷி, புச்சி, பில் பிளாஸ் என்று நகைக்கடை, துணிக்கடைப் பெயர்களையும் விற்றார்கள். உங்கள் ரசனைக்கு இது அடுக்காது. விற்பனைக் கணக்கு உங்கள் ரசனையைக் கேட்கவில்லை.

நான்கு கதவுக் கான்டினென்டலோ வீங்கிக்கொண்டே போனது. பின்கீல் கதவை 1970-லேயே விட்டுவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் நீளம் 5.9 மீட்டர். 7.5 லிட்டர் இன்ஜினிலிருந்து கிடைத்தது சுமார் 200 குதிரைத்திறன். இடையில் 1973 எண்ணெய் நெருக்கடி வந்துபோனது. 1977-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களைச் சுருக்கிவிட்டது. லிங்கன் மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு யானையைக் கட்டித் தீனி போட்டது.

1982-ல் சின்னதாகி வந்தபோதும் டிக்கியில் அந்தப் பொய் ஸ்டெப்னி. 1988-ல்தான் அதை எடுத்தார்கள். ஃபோர்டு டாரஸின் அடித்தளம், முன்சக்கர இயக்கம், வி6 இன்ஜின் என்று வந்த அந்தக் காரை லிங்கன் ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். உள்ளே ஆறு பேர் நிம்மதியாக உட்காரலாம், வேடம் எதுவும் போடவில்லை, 1989-லேயே ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் வைத்தார்கள். அழகில்லை என்பது உண்மைதான். 1995-ல் மறுபடி வி8 வந்தது, 2002-ல் உற்பத்தி நின்றது. விக்ஸம் தொழிற்சாலையை 2007-ல் மூடினார்கள்.

கடைசி முயற்சி 2015-ல் நியூயார்க் கண்காட்சியில் தொடங்கியது. மாதிரிக் காரைப் பார்த்த, பிரிட்டிஷ் சொகுசுக் கார் நிறுவனமான பென்ட்லியின் வடிவமைப்புத் தலைவர், எங்கள் அச்சுகளையும் அனுப்பி வைக்கட்டுமா என்று பகிரங்கமாகவே கேலி செய்தார். எனக்கும் அந்தச் சாயல் தெரிந்தது. ஆனால் 2017-ல் விற்பனைக்கு வந்த கார் மோசமில்லை: 3 லிட்டர் இன்ஜினில் 400 குதிரைத்திறன், முப்பது விதமாகச் சரிசெய்துகொள்ளும் சீட்டு, சன்னல் விளிம்போடு இழைந்த கைப்பிடிகளுடன் மின்சாரத்தால் திறக்கும் கதவுகள். அமெரிக்கர்கள் உயரமான எஸ்யுவிகளுக்கு மாறிப்போயிருந்தார்கள். எண்பதாம் ஆண்டை முன்னிட்டு 2019-க்கு எண்பது கார்கள் மட்டும் பின்கீல் கதவோடு செய்தார்கள். அதற்காக மாசசூசெட்ஸின் ஒரு பட்டறையில் காரை வெட்டி ஆறு அங்குலம் நீட்டினார்கள். விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1961-ல் இடம் போதாமல் திருப்பிய கீலை மாட்டுவதற்காகக் காரையே நீட்டினார்கள், ஐயா! எண்பதும் உடனே விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டே கான்டினென்டல் போய்விட்டது. அமெரிக்காவில் லிங்கன் கடைகளில் அதன் பிறகு எஸ்யுவிகள் மட்டும்தான்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து உங்கள் ரசிகன்

பின்குறிப்பு: ஒன்றை வேண்டுமென்றே மேலே எழுதாமல் விட்டேன். 1957 செப்டம்பர் 4 அன்று ஃபோர்டு ஒரு புதிய கார் வரிசையை அறிமுகப்படுத்தி, உங்கள் பெயரைச் சூட்டியது. குடும்பத்துக்கு விருப்பமில்லை. பெயரைத் தேர்ந்த கூட்டத்துக்குத் தலைமை வகித்த நிறுவனத் தலைவர் எர்னஸ்ட் பிரீச் முடிவு செய்துவிட்டார். 1959 நவம்பரில் நிறுத்தும்போது 25 கோடி டாலர் நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். வணிகப் பள்ளிகளில் இன்றும் தோல்விக்கு உதாரணமாக உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர் தேடிய காலத்தில் மரியன் மூர் என்ற கவிஞரிடமும் கேட்டிருந்தார்கள். அவர் அனுப்பிய பட்டியலில் 'யுடோப்பியன் டர்டில்டாப்' என்று ஒன்று இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதையே வைத்திருக்கலாம்.