எல்லாவற்றுக்கும் ஒரே டின் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி, எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே தங்கலாம், என்ன சமைக்கலாம், பிள்ளைகளுக்கு என்னென்ன எடுத்துப் போகலாம் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். வண்டிப் பராமரிப்புக்கு மட்டும் ஒரே வரி: கையில் ஒரு ஸ்ப்ரே எண்ணெய் டின் இருக்கட்டும். எந்த ஸ்ப்ரே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பினாங்கின் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை பஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஜெலுத்தோங்கில் என் மகன் நடத்தும் பட்டறையில், கேம்பர்வேன்களின் கதவு, ஜன்னல், ரப்பர், பூட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். டொயோட்டா ஹையேஸ் வேனைப் பிரித்துப் படுக்கையும் அடுப்பும் வைத்தவை, லோரி சட்டத்தின் மேல் வீடு மாதிரி கட்டியவை என்று பலவிதமாக வருகின்றன. இவற்றில் பாதி கோளாறு தேய்மானத்தால் வந்ததல்ல. தப்பான ஸ்ப்ரேயைத் தப்பான இடத்தில் அடித்ததால் வந்தது.

ஹார்ட்வேர் கடையில் என்ன நடக்கிறது? கதவு கிறீச்சென்று சத்தம் போடுகிறது, ஒரு ஸ்ப்ரே கொடுங்கள் என்று கேட்கிறோம். கடைப் பையன் நீலமும் மஞ்சளுமான டபிள்யூடி-40 டின்னை எடுத்துக் கொடுக்கிறான். அதே தட்டில் சிலிக்கோன் ஸ்ப்ரே, வெள்ளை லித்தியம் கிரீஸ், டெஃப்லான் கலந்த உலர் ஸ்ப்ரே, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் எல்லாம் நிற்கும். எதற்கு என்று அவனும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

டபிள்யூடி-40ஐ நான் குறை சொல்லவில்லை. எங்கள் பட்டறையில் அது எப்போதும் இருக்கும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சிறிய நிறுவனம் அதை உருவாக்கியது, உலோகத்தில் ஈரம் தங்கித் துருப் பிடிக்காமல் காப்பதற்காக. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகட்டில் அதைப் பூசினார்கள். இன்றைக்கும் அதன் பலம் அதுதான். மழையில் நனைந்த இரும்பு, துருவேறி இறுகிய ஸ்குரு, ஸ்டிக்கர் விட்டுப்போன பசை, இவற்றுக்கெல்லாம் அருமையான சரக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். கனமான கதவைத் தாங்கி நாள் முழுக்கத் திறந்து மூடும் கீலுக்கு அது எத்தனை நாள் வரும்? சத்தம் அன்றைக்கு நிற்கும், அப்புறம் திரும்ப வரும். அந்த நிறுவனமே சிலிக்கோனையும் லித்தியம் கிரீஸையும் தனித்தனி டின்களில் விற்கிறது. ஒன்றே போதும் என்றால் அவர்கள் ஏன் வேறு வேறாக விற்க வேண்டும்?

டின்னைத் தேர்ந்தெடுக்கும்போது பிராண்டைப் பார்க்காதீர்கள். அடிக்கப்போகும் இடத்தில் எதோடு எது உரசுகிறது என்று பாருங்கள். இரும்பும் இரும்புமா, ரப்பரும் தகடுமா, பிளாஸ்டிக்கா, மின்சாரம் ஓடும் முனையா?

இரும்பும் இரும்பும் என்றால் வெள்ளை லித்தியம் கிரீஸ். கதவுக் கீல், பானட் கொக்கி, கதவு பூட்டிக்கொள்ளும் தாழ் எல்லாவற்றுக்கும் அதுதான். டின்னிலிருந்து நீர் மாதிரி வந்து இடுக்கில் இறங்கும், கரைப்பான் ஆவியானதும் கெட்டியாக நின்றுவிடும். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு அடியுங்கள்.

ரப்பர் விஷயத்தில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது என்பது எங்களுக்குப் பழகிய பாடம். வேன் ஜன்னலையும் கதவையும் சுற்றி இருக்கும் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை வகை. வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும், எண்ணெயை மட்டும் தாங்காது. எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் ஊதிப் பிசுபிசுத்துப் போகும், பிறகு வடிவம் கெட்டுத் தகட்டோடு ஒட்டாமல் விலகும். சாதாரணக் காரில் அப்படி நடந்தால் கொஞ்சம் தண்ணீர் கசியும், துடைத்துவிடலாம். மோட்டார்ஹோமில் அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உள்ளே பலகை, அதற்குப் பின்னால் வெப்பம் தடுக்கும் பஞ்சு. பினாங்கு மழைக்கு அது காயவே காயாது. வெளியே கறை தெரியும் முன்னால் உள்ளே பலகை உளுத்துப் போயிருக்கும். சுவரைப் பிரித்துப் பலகை மாற்றும் செலவைக் கேட்டு வண்டியையே விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்ப்ரேதான். சுத்தமான துணியில் அடித்து, அந்தத் துணியால் ரப்பரைத் துடைத்துவிடுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியிலும் தரையிலும் படியும். கண்ணாடியில் பட்டால் மழையில் பார்வை மங்கும், படியில் பட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்துக்கு சிலிக்கோன் கிட்டவே போகக்கூடாது, பெயிண்ட் பிடிக்காமல் குழிகுழியாக நிற்கும்.

கூரையிலுள்ள பிளாஸ்டிக் ஜன்னல்களிலும் கவனம் வேண்டும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் மேல் டபிள்யூடி-40 அடிக்க வேண்டாம் என்று அதன் நிறுவனமே சொல்கிறது.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு குடும்பம் வேனைக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு பாதியிலேயே நின்றுவிடும், அந்த அம்மா இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. எந்தக் கடையில் என்று நான் கேட்கவில்லை, யாரோ கிரீஸை நிறைய அடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தெலுக் பஹாங் கடற்கரையில் நிறுத்தி நிறுத்தி, தண்டவாளத்தில் மணலும் கிரீஸும் சேர்ந்து அம்மியில் அரைத்த மசாலா மாதிரி கறுப்பாக அப்பிக் கிடந்தது. சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது. திறந்தவெளியில் இருக்கும் தண்டவாளம், வெளியே விரிக்கும் கூடாரக் கைகள், ஏறும் படியின் மடிப்பு, இவற்றுக்கெல்லாம் உலர் ஸ்ப்ரேதான் சரி. காய்ந்தபின் கையில் ஒட்டாது, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பிரஷால் மணலைத் தட்டி, துணியால் துடைத்து, அதன் பிறகு அடிக்க வேண்டும். சாவித் துளைக்கும் இதே உலர் ஸ்ப்ரே போதும்.

பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் வண்டி நின்றால் 12 வோல்ட் இணைப்புகளில் பச்சைப் பூப்பு பூக்கும். அங்கே கான்டாக்ட் கிளீனர். அது வழவழப்புக்கு அல்ல, சுத்தம் செய்ய மட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அடித்து, நன்றாகக் காயவிட்டுத்தான் திரும்ப இணைக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் சத்தம் போடுகிறது என்று டிஸ்க்கில் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். பிரேக் பிடிப்பதே உராய்வால், அதைத்தான் இந்த ஸ்ப்ரேக்கள் எடுத்துவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆறு பேர் என்று பாரம் ஏற்றிய வண்டி கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் வந்தால் பட்டறைக்குக் கொண்டு போங்கள். சக்கர நட்டுகளிலும் வண்டி நிறுவனம் சொல்லாமல் எண்ணெய் விடாதீர்கள். மரை வழுக்கினால் அதே முறுக்குக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட் இழுபட்டுப் பலவீனமாகும்.

அப்புறம் கேஸ். பெரும்பாலான டின்களில் திரவத்தை வெளியே தள்ளுவது புரோப்பேன், பியூட்டேன் போன்ற எரிவாயுதான். சமையல் கேஸும் இவைதான். காற்றைவிடக் கனமானவை, தரையோடு தங்கும். வேனுக்குள் அடுப்போ கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியோ எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. நெருப்பை அணைத்து, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கேஸ் சிலிண்டர் வால்வில் எந்த எண்ணெயும் வேண்டாம், கசிவு பார்க்க சோப்பு நுரை போதும். டின்களை டாஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக்கூடாது என்று அவற்றின் மேலேயே எழுதியிருக்கும். நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக ஏறிவிடும்.

வேன் வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதவுக் கீலுக்கு எது, ரப்பருக்கு எது, எந்த இடத்தில் எதையுமே அடிக்கக்கூடாது என்று ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். வண்டியை எடுக்க வருகிறவர்களிடம் வாயாலும் ஒரு தடவை சொல்லுங்கள். ஹார்ட்வேர் கடைக்காரர்களும் டின்னைக் கொடுக்கும் முன் எதற்கு என்று கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த விடுமுறைக்கு முன்னால் இந்தப் பராமரிப்பு விஷயத்துக்குப் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கினால் படங்களோடு எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக்,
ஜெலுத்தோங், பினாங்கு