பச்சை விளக்கு எரியும் நேரம்

சூலூர்

அன்புள்ள தேன்மொழிக் கண்ணுவுக்கு,

பாராசூட் பையன்களை ஏற்றிப்போய் விமானம் ஓட்டுவது பற்றி நேற்று போனில் சலித்துக்கொண்டாயே, "அதே மல்புரா, அதே உயரம், அதே வேகம். எத்தனை தடவைப்பா?" என்று. அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் எழுதினால்தான் கோவையாக வரும்.

ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மல்புரா குதிப்பு மைதானத்தில்தான் நான் ஒன்பது வருடம் பட்டாளத்துப் பையன்களைப் பாராசூட்டில் குதிக்கப் பழக்கினேன். குதிப்பது ராணுவம், பழக்குவதும் ஏற்றிப்போவதும் நம் விமானப்படை. விழுந்து உருளச் சொல்லிக்கொடுத்து, தரையில் நிற்கும் போலி விமானத்திலிருந்து குதிக்கவைத்து, ஐந்து குதியும் முடித்து அவன் பாராசூட் வீரனுக்கான இறக்கைச் சின்னம் வாங்கும்வரை கூடவே இருப்போம். ஆனால் கதவில் நிற்கிறபோது அவனுக்கு நான் சொன்னது எதுவும் ஞாபகம் இருக்காது. முன்னால் ஓட்டுகிற உன் முகமும் தெரியாது. முன்னாலிருந்து நீங்கள் போடும் பச்சை விளக்கு எரிந்தால் போவான், அவ்வளவுதான்.

ஒருநாள் அந்தப் பச்சை இரண்டு நொடி தாமதமாக எரிந்தது. மணிக்கு 220 கிலோமீட்டரில் இரண்டு நொடி என்றால் 120 மீட்டர். கடைசியாகக் குதித்த பையன் மைதானத்தைத் தாண்டி ஒரு கிணற்றுச் சுவரில் விழுந்தான். இடுப்பெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சரியாத்தானே குதிச்சேன், சார்?" என்றான். சரியாகத்தான் குதித்தான், கண்ணு. அன்றைக்கு ஓட்டியவரும் நல்ல விமானிதான்.

அது அமைதிக் காலம். சண்டை நேரத்தில் பயிற்சிக்கு நாள் குறையும். 1943 ஜூலையில் சிசிலித் தீவில் பிரிட்டிஷ் வீரர்களை 144 கிளைடர்களில், அதாவது வேறு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போகிற இன்ஜின் இல்லாத விமானங்களில், இறக்கப் போனார்கள். ராத்திரி, எதிர்காற்று. இழுத்துப்போன விமானங்களின் ஆட்களில் பலருக்கு அனுபவம் போதாது. கரைக்கு வெகுதூரம் முன்பே கயிற்றை விட்டுவிட்டார்கள். 65 கிளைடர்கள் கடலில் விழுந்தன. சுமார் 250 பேர் மூழ்கிப் போனார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், எதிரியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் பக்கம் இதெல்லாம் 1941-இல் டெல்லியில் தொடங்கியது. அந்த வருடம் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். பத்து வருடம் கழித்து, 1951 மார்ச் 23 அன்று, கொரியாவில் அமெரிக்கர்களோடு சேர்ந்து போர்முனையிலேயே குதித்தார், காயம்பட்டவர்களைப் பார்க்க. மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். அவரை ஏற்றிப்போன விமானிகளின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

1971 போரில், டிசம்பர் 11 மாலை, இன்றைய வங்கதேசத்து டாங்கைலில் நம் பாராசூட் படைப்பிரிவான 2 பாரா குதித்ததை நீ அகாடமியிலேயே படித்திருப்பாய். அன்றே பூங்லி பாலத்தைப் பிடித்தார்கள். வேகமும் உயரமும் வேறு வேறான பல ரக விமானங்கள் போய் ஒரே இடத்தில் ஆளையும் சாமானையும் போட்டன. நீ சலித்துக்கொள்கிற அந்த மாறாத உயரமும் வேகமும் ஒவ்வொரு விமானத்திலும் இல்லாமல் அது நடந்திருக்குமா, சொல்.

சரி, ஒன்று செய். அடுத்த முறை கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் பின்னால் போய் அந்தப் பையன்களைப் பார். முதல் குதிக்குப் போகிறவன் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். ஏதாவது பேச்சுக் கொடு, எந்த ஊர் என்று கேள். அப்புறம் போய் உன் சீட்டில் உட்கார்.

அம்மா அனுப்பும் பார்சலில் என் பழைய குதிப்புப் பதிவேடும் இருக்கும். ஓரம் மடித்த பக்கத்தில் அந்தக் கிணற்றுச் சுவர்ப் பையனின் பெயர் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா