மழையில அந்த டயர்ல வராத, பாப்பா

பாப்பா,

போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வெச்சிடுற, அதான் டயர் கடையை சாத்திட்டு உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், மத்தியானம் சாப்பிடும்போது பொறுமையா படி.

தீபாவளிக்கு வந்தப்ப நீ தூங்கிட்டு இருந்தல்ல, அப்ப உன் ஆக்டேவியா காரை ஒரு சுத்து சுத்தி வந்தேன். கம்பெனி போட்டு குடுத்த 205 மி.மீ. அகல டயரை கழட்டிட்டு 225ல ட்ராக் டயர், அதான் ரேஸ் ட்ராக்குல ஓட்டுற டயரு, மாட்டியிருக்க. பக்கவாட்டுல தேதி பார்த்தா 3120, அதாவது 2020வது வருஷம் 31வது வாரம் அச்சுல இருந்து வந்த ரப்பர். நகத்தால அழுத்தினேன், இந்த மாதிரி மெத்துன்னு இருக்கிற ரப்பர் கலவையில நகம் பதியணும், பதியல. யாரோ ட்ராக்ல சூடேத்தி சூடேத்தி ஓட்டிட்டு வித்ததை நீ வாங்கியிருக்க, சரியா? கேஜ் விட்டு பார்த்தேன், முன்னாடி 3 மி.மீ. பட்டன் இருக்கு, அதான் தேயாம மிச்சம் இருக்கிற வெட்டோட ஆழம், பின்னாடி ரெண்டும் 2.5 தான். அன்னிக்கு நல்ல நாள்னு எதுவும் சொல்லல. இப்ப கார்த்திகை தீபத்துக்கு வர்றேன்னு அம்மாகிட்ட சொன்னியாம், இங்க நாலு நாளா விடாம ஊத்துது, கெடிலம் ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டு போகுது. எனக்கு தூக்கம் வரல.

நீ ட்ராக்ல ஓட்டறது எனக்கு புடிக்கலன்னு மட்டும் நெனச்சிடாத. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு என்னை கூட்டிட்டு போனியே, அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். 3.7 கி.மீ. ட்ராக்கு, 1990ல திறந்தது, நான் தொழில் கத்துக்கிட்டு இருந்த காலத்துல பேப்பர்ல படம் பார்த்து ஏங்கின இடம், அங்க என் பொண்ணு ஹெல்மெட் போட்டுக்கிட்டு உள்ள போறா. காலையில வெயில்ல நீ ஓட்டினதை கம்பி வேலி பக்கத்துல நின்னு பார்த்தேன். மத்தவங்க சாதா டயர்ல வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சு கிறீச் கிறீச்னு போறாங்க, நீ இன்னும் உள்ள வரைக்கும் போயி பிரேக் புடிச்சு ஆணி அடிச்ச மாதிரி திரும்பின. முப்பது வருஷமா டயரை மாட்டி கழட்டிக்கிட்டு இருக்கேன், ஒரு டயரு முழு வேலையும் செய்யறதை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

அது எப்பிடி அந்த பிடி வருதுன்னு உனக்கு தெரியும், இருந்தாலும் சொல்றேன், ஏன்னா மழையில கை விடறதும் அதே காரணத்துலதான். ரப்பர் ரோட்டை ரெண்டு விதமா புடிக்குது. ஒண்ணு, ரோட்டுல இருக்கிற சின்ன சின்ன ஜல்லி மூக்கு ரப்பருக்குள்ள அமுங்கி ஏறும், ரப்பரு அதை கவ்விக்கும். இன்னொண்ணு ஒட்டுறது, சூடான ரப்பரு ரோட்டோட பசை மாதிரி ஒட்டி ஒட்டி விடும். ட்ராக் டயர்ல இந்த ஒட்டுறதுதான் பெரிய பலம், அதுக்கு சூடு வேணும், ஒரு ரெண்டு ரவுண்டு ஓட்டினாதான் அது முழிக்கும். அதோட டயர் மேல வெட்டு, அதான் தண்ணி போற பள்ளம், கம்மி, பள்ளத்துக்கு நடுவுல நிக்கிற ரப்பர் கட்டைங்க பெருசு, வளையும்போது கட்டை நெளியாது, ரோட்டுல படுற ரப்பரும் அதிகம். வெயில்ல இதை விட என்ன வேணும், ஒண்ணும் வேணாம்.

ஆனா அதே நாள் மூணு மணிக்கு மழை புடிச்சுதே, ஞாபகம் இருக்கா? காலையில நீ சுத்தி சுத்தி தாண்டிட்டு போன அந்த சாதா டயர் பையன் சாயங்காலம் உன்னை தாண்டிட்டு போனான், நீ ஒரு வளைவுல வால் அலசி புல்லுக்குள்ள போயி நின்ன. நீ இறங்கி வந்து "இன்னும் டெம்பரேச்சர் வரலப்பா"ன்னு சொன்ன. கண்ணு, அந்த தண்ணியில அது வரவே வராது. தண்ணி டயரை குளிர வெச்சிக்கிட்டே இருக்கும், ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல தண்ணிப் படலம் நின்னா ஒட்டுற வேலை நடக்காது, கவ்வுற வேலை மட்டும்தான் மிச்சம், குளிர்ந்து கெட்டியான ரப்பர் அதையும் ஒழுங்கா செய்யாது. மழைக்கு நல்லா புடிக்கிற ரோட்டு டயர்ல அதனாலதான் சிலிகா கலக்குறாங்க, 1990கள்ல மிச்செலின் ஆரம்பிச்சு வெச்சது, அந்த ரப்பர் சூடு கம்மியா இருக்கும்போதே வளைஞ்சு குடுத்து ஜல்லியை கவ்வும்.

ஒண்ணை மட்டும் பிரிச்சு பார்த்துக்கோ, ஈரம் வேற, தண்ணி வேற. தூறல் போட்டு ரோடு கருத்து இருக்கு, தேங்கல, அந்த மாதிரி நேரத்துல நல்ல புது ட்ராக் டயரு கொஞ்சம் சூடா இருந்தா ஒப்பேத்திடும், உன் ஃபிரண்ட்ஸ் எல்லாம் "மழையிலயும் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்றாங்களே, அவங்க ஓட்டினது இந்த ஈரத்துல. தேங்கின தண்ணி அப்பிடி இல்ல. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி ஆப்பு மாதிரி நுழையும், அதை வெட்டு வழியா வெளிய தள்ளணும், தள்ள இடம் இல்லன்னா வண்டி தண்ணி மேல ஏறி மிதக்கும். ஃபார்முலா ஒன் பந்தயத்துல பெருமழைக்கு போடுற டயரு 300 கி.மீ. வேகத்துல செகண்டுக்கு 85 லிட்டர் தண்ணியை தள்ளும்னு பிரெல்லி கணக்கு சொல்றாங்க, ஒரே ஒரு டயரு, நம்ம வீட்டு பிளாஸ்டிக் குடத்துல அஞ்சு குடம், ஒரு செகண்டுல! நடுத்தர மழைக்கு போடுறது 30 லிட்டர் தள்ளுமாம். வெட்டே இல்லாத மொட்டை டயர்ல அவங்களே மழையில வெளிய வர மாட்டாங்க, உலகத்துலயே நல்லா ஓட்டுற ஆளுங்க.

காத்து விஷயத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் முக்கியமா எழுத உக்காந்தேன். 1960கள்ல அமெரிக்காவுல நாசாக்காரங்க விமானச் சக்கரம் ஓடுபாதை தண்ணியில ஏன் மிதக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணி ஒரு கணக்கு எழுதினாங்க, டயர் கம்பெனி ட்ரெய்னிங்ல எங்களுக்கு சொல்லிக் குடுத்தது, நோட்டுல இன்னும் வெச்சிருக்கேன். காத்து எவ்ளோ பிஎஸ்ஐ இருக்கோ அதோட வர்க்கமூலம் எடுத்து 10.35ஆல பெருக்கினா எத்தனை மைல் வேகத்துல மிதக்கும்னு வரும். வெட்டு தேய்ஞ்ச டயரு, வெட்டை விட ஆழமா தண்ணி, அப்ப இந்த கணக்கு. 32 பிஎஸ்ஐக்கு போட்டா சுமாரா 94 கி.மீ. வருது. 26க்கு போட்டா 85. இப்ப யோசி, நீ ட்ராக்குக்கு போகும்போது சூடானா ஏறிக்கும்னு காத்தை இறக்கி வெப்ப, 26ன்னு நீயே சொன்ன, அதே காத்தோட ஈசிஆர்ல ஊருக்கு வந்தா 85லயே வண்டி மேல ஏறிடும். ஆக்டேவியாவுல 85 எல்லாம் உனக்கு வேகமாவே தெரியாது, அதான் எனக்கு பயம். அது போக 205ஐ 225 ஆக்கினதுல அகலம் ஏறிப்போச்சு, அகல டயரு ஒதுக்க வேண்டிய தண்ணியும் ஜாஸ்தி.

இன்னொண்ணு, உனக்கு பின்னாடி பட்டன் கம்மி. முன்னாடி மிதந்தா ஸ்டியரிங் லேசாகி கையில தெரியும், பின்னாடி மிதந்தா தெரியறதுக்குள்ள வண்டி திரும்பி நிக்கும். கடைக்கு வர்றவங்ககிட்ட தலையில அடிச்சிக்காத குறையா சொல்றேன், ரெண்டு டயர்தான் மாத்த காசு இருக்குன்னா புதுசை பின்னாடி போடுங்க, முன் வீல் இழுக்குற வண்டியா இருந்தாலும் பின்னாடிதான்னு. யாரும் கேக்கறதில்ல, நீயாவது கேளு.

நான் சும்மா பயந்து சொல்லல பாப்பா. உனக்கு அப்ப மூணு மாசம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில உனக்கு காட்டிட்டு நம்ம பழைய ஃபியட்ல திரும்பி வர்றோம், கார்த்திகை மாசம், இருட்டிடுச்சு, கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடை வர்றதுக்கு முன்னாடி ரோடு கொஞ்சம் பள்ளமா இருக்குமே, அங்க தண்ணி நின்னது லாரி வெளிச்சத்துல கண்ணுக்கு தெரியல. ஸ்டியரிங் ஒரே நிமிஷத்துல வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. நான் பயத்துல பிரேக்கை மிதிச்சேன், மிதிச்சதுதான் தப்பு, தண்ணி முடிஞ்ச இடத்துல டயரு திடீர்னு ரோட்டை புடிச்சதும் வண்டி அரை சுத்து சுத்தி புளியமரத்துக்கு ஒரு கை தூரத்துல நின்னுச்சு. உங்கம்மா உன்னை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல, வீடு வர்ற வரைக்கும் பேசல. அந்த வண்டியில இருந்தது தேய்ஞ்சு போன நைலான் டயரு, ஊருக்கெல்லாம் டயர் மாட்டுறவன் என் வண்டிக்கு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தேன். அதை நெனச்சா இன்னிக்கும் நெஞ்சு அடைக்குது. அந்த மாதிரி ஆனா பிரேக்கையும் மிதிக்காத, ஸ்டியரிங்கையும் திருப்பாத, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடு, நேரா புடி, டயர் ரோட்டை தொடற வரைக்கும் பொறு.

மிதக்கலன்னாலும் நிக்கிற தூரம் இருக்கே. பிடி பாதியா கொறஞ்சா தூரம் ரெண்டு மடங்கு, அவ்ளோதான் கணக்கு. 80ல வர்ற, காஞ்ச ரோட்டுல நல்ல டயர்ல 28 மீட்டர்ல நிக்கும்னு வெச்சுக்கோ, மழையில பிடி பாதின்னா 56 மீட்டர். கூடுதலா வர்ற அந்த 28 மீட்டர்ல ரெண்டு கவர்மென்ட் பஸ்ஸை வரிசையா நிறுத்தலாம். ஏபிஎஸ் இருக்குன்னு சொல்லுவ, ஏபிஎஸ் இருக்கிற பிடியை ஒழுங்கா செலவு பண்ணும், இல்லாத பிடியை எங்க இருந்து கொண்டு வரும்.

நீ டயர் வாங்கும்போது ட்ரெட்வேர் நம்பரை, அதான் எவ்ளோ சீக்கிரம் தேயும்னு சொல்ற நம்பரை, பார்த்து வாங்குற, தெரியும். மிச்செலினோட ட்ராக் டயரு கப் 2ல 180 இருக்கும், அவங்க ரோட்டு டயரு பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ல 300 இருக்கும், நம்பர் கொறஞ்சா சீக்கிரம் தேயும், பொதுவா காஞ்ச ரோட்டுல பிடி அதிகம், ஆனா ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதிச்சு தானே போடுற நம்பரு, மழையை பத்தி அது ஒண்ணுமே சொல்லாது. பக்கத்துல AA, A-ன்னு ட்ராக்‌ஷன் போட்டிருக்கும், அது ஈர ரோட்டுல நேரா பிரேக் புடிச்சு பார்த்தது, வளையறதும் மிதக்கறதும் அதுல வராது. அந்த 4 எஸ் மாதிரி டயரு இருக்கே, வெளிப்பக்கம் பெரிய கட்டை, உள்பக்கம் தண்ணிக்கு அகல வாய்க்கால், என்னை கேட்டா ரோட்டுக்கு அதுதான் மரியாதையான டயரு, ட்ராக்ல ரெண்டு செகண்டு லேட் ஆனாலும். மாட்டும்போது அவுட்சைட்னு எழுதின பக்கம் வெளிய இருக்கான்னு நீயே குனிஞ்சு பாரு, மாத்தி மாட்டுற கடைகளை நான் நெறைய பார்த்திருக்கேன்.

ரோடு நெலவரமும் சொல்லிடறேன். ஈசிஆர்ல வேலை நடக்குற இடத்துல எல்லாம் திசை திருப்பி விட்டிருக்காங்க, ஓரத்துல தண்ணி நிக்குது, மரக்காணம் உப்பளம் பக்கம் காத்து வேற பக்கவாட்டுல அடிக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை ஏறினப்ப பாண்டிச்சேரியில ஒரே நாள்ல 48 செ.மீ. கொட்டுச்சு, தென்பெண்ணையில வெள்ளம் வந்து ரோடு எது ஆறு எதுன்னு தெரியல, அதை பார்த்த கண்ணால சொல்றேன், இந்த கரையோரத்துல மழையை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

அதனால நான் ஒரு வேலை பண்ணிட்டேன், கோச்சுக்காத. நீ பரண்ல போட்டுட்டு போன பழைய 16 இஞ்ச் வீல் நாலையும் எறக்கி துடைச்சு புதுசா 205/55 ரோட்டு டயர் மாட்டிட்டேன், நாலு அகல வாய்க்கால் நேரா ஓடுற டயரு, முழு பட்டன், எல்லாம் இந்த வருஷ தேதி, பேலன்ஸ் பண்ணி 32 காத்து புடிச்சிருக்கேன். ட்ராக் டயரை தூக்கி போட சொல்லல. நல்லதா, புதுசா ஒரு செட் வாங்கி தனி வீல்ல வெச்சுக்கோ, ட்ராக்குக்கு போனா அங்க மாட்டு, அங்கயே கழட்டு, எவ்ளோ வேகமா வேணா போ, நான் வந்து வேலி பக்கத்துல நிப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தப்பா லோடு வண்டி ஒரகடம் வருது, நாலும் அதுல வருது, சனிக்கிழமை காலையில எறக்கிக்கோ. போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் வெச்சு டைட் பண்ணு, 50 கி.மீ. ஓடினதும் திரும்ப ஒரு தடவை பாரு. புது டயர் மேல அச்சுல இருந்து வர்ற வழவழப்பு இருக்கும், முதல் 200, 300 கி.மீ. அடக்கி ஓட்டு. அது தேயற வரைக்கும் மழையில ஊருக்கு வர வேணாம், தீபத்துக்கு பஸ்ல வா, இல்ல விழுப்புரம் வரைக்கும் ரயில்ல வா, நான் வந்து கூட்டிக்கிறேன். அம்மா ஒரு பையில நெத்திலி கருவாடும் புது முந்திரியும் கட்டி குடுத்திருக்கா, அதை டிரைவர் சீட்டுக்கு பின்னாடி வெக்க சொல்லியிருக்கேன், வீலை எறக்குற அவசரத்துல மறந்துடாத.

அப்பா